வாக்கில்லாத நாற்காலி

கேள்வி: எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நிர்வாக சபையில் ஆசிரியர்களையும் மாணவரையும் வாக்குரிமையில்லாமல் உட்கார வைக்கிறார்களே, ஓட்டுப் போட முடியாதவருக்கு நாற்காலி எதற்கு?
- ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவரை மறந்துவிட்டுத் தீர்மானம் போடுவது கடினம், நாற்காலியின் முதல் பிரயோஜனம் அதுதான்! 1766-இல் ஸ்தாபிதமான அந்தக் கலாசாலையின் நிர்வாக சபையில் வாக்குள்ள அங்கத்தினர் 15 பேர். 8 பேரைக் கவர்னர் நியமிக்க, 7 பேரைத் தர்மகர்த்தர் சபை தேர்ந்தெடுக்கிறது. பல்கலைக்கழக செனட் தெரிந்தனுப்பும் 2 ஆசிரியர்களும் 1 மாணவரும் வாக்கின்றி உடன் அமர்கிறார்கள். பல்கலைக்கழகத்தை நாள்தோறும் நடத்தும் தலைவருக்கே அங்கு வாக்கில்லை என்பதை நினைத்தால், அந்த ஸ்தானம் அவமானகரமானதன்று என்பது விளங்கும். கல்விக் கட்டணம் நிர்ணயமாகும் நாளில், இரவெல்லாம் கடையில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைக்குக் கட்டண உயர்வு என்ன செய்யும் என்பதை வரவுசெலவுத் திட்டம் சொல்லாது; பக்கத்திலிருக்கும் மாணவர் சொல்லுவார்.

ஆயினும் ஆலோசனை வாக்குக்கு ஈடாகிவிடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரீஜெண்டுகள் சபையில் மாணவர் ஒருவர் ஓராண்டு வாக்கின்றி இருந்து காரியங்களைப் பழகிக்கொண்டு, மறு ஆண்டு பூரண வாக்குரிமை பெறுகிறார். பேசுவதற்குத் தகுதியுள்ளவரென்று சபையே ஒப்புக்கொண்ட ஒருவரைத் தீர்மானிக்கவும் அனுமதிப்பதே நியாயம். ரட்கர்ஸும் அந்த வழியில் செல்லட்டும்.