மைக் நின்ற இடம்

சென்னையில் அளவீட்டு மைக்குக்கு முதல் எதிரி ஈரக்காற்று. நான் அரங்க ஒலியியல் வேலைக்கு வந்த எண்பதுகளில், எங்கள் அலுவலகத்திலேயே விலை உயர்ந்த பொருள் அரை அங்குல கண்டன்சர் மைக்தான். அது வேலை செய்ய 200 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் எண்ணெயில் விழுந்த கடுகு போலப் படபடக்கும்; அன்றைக்கு அளவு கிடையாது. அதனால் மைக் பெட்டிக்குள் எப்போதும் சிலிக்கா ஜெல் இருக்கும். மணிகள் நீலமாக இருந்தால் கிளம்பலாம். ரோஜா நிறத்துக்கு மாறியிருந்தால் வாணலியில் போட்டு, மிதமான சூட்டில் நீலம் திரும்பும்வரை வறுக்க வேண்டும். என் மேலதிகாரி இந்த வேலையை யாரிடமும் விடமாட்டார்.

அரங்கை அளப்பது ராத்திரி வேலை. மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாம் நின்ற பிறகு காலிப்ரேட்டரை மைக்கின் தலையில் பொருத்துவோம். அது எழுப்பும் ஒலி 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபெல். கருவி அந்த எண்ணைக் காட்டினால்தான் அடுத்த வேலை. ஒலிபெருக்கியில் இரைச்சலைப் போட்டுச் சட்டென்று நிறுத்துவோம். ஒலி அடங்குவதை ரெக்கார்டரின் பேனா, நகரும் காகிதத்தில் சரிவாக இழுத்துக்கொண்டு வரும். அந்தச் சரிவின் மேல் கண்ணாடிக் கோணமானியை வைத்து எதிர்முழக்க நேரத்தைப் படிப்போம். ஒலி 60 டெசிபெல் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்பதே அந்த நேரம்.

ஒவ்வொரு கோட்டையும் இழுப்பதற்கு முன் மேலதிகாரி நோட்டில் எழுதச் சொல்வார். மைக் எந்த வரிசையில், சுவரிலிருந்து எத்தனை அடியில், தரையிலிருந்து எத்தனை உயரத்தில் நிற்கிறது? எந்த ஜன்னல் திறந்திருக்கிறது? நாற்காலிகள் விரித்திருக்கின்றனவா, மூலையில் அடுக்கியிருக்கின்றனவா? “தம்பி, கோடு அப்புறம். இடத்தை முதல்ல எழுது” என்பார். ஒரே கருவி, ஒரே இரவு, ஒரே அரங்கு. ஆனாலும் முன்வரிசையில் ஒரு சரிவு, பால்கனிக்குக் கீழே வேறொரு சரிவு. இரண்டையும் காகிதத்தோடு ஒட்டிவைப்போம். எங்களிடம் இருந்த எண்கள் கொஞ்சம். ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது என்பது எங்களுக்குத் தெரியும்.

இன்று நிலைமை தலைகீழ். அண்மையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இளம் பொறியாளர் ஒருவர் கைபேசியை நீட்டினார். “சார், ஆப்ல 1.1 செகண்ட் காட்டுது. ஹால் ஓகே சார்.” நான் நடுக்கூடத்தில் நின்று ஒரு கை தட்டினேன். மொசைக் தரை, கான்கிரீட் கூரை, பூச்சுச் சுவர். தட்டிய ஓசை நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. காது கேட்டதைக் கைபேசி ஏன் கேட்கவில்லை? அதன் மைக் மனிதக் குரலுக்காக வைக்கப்பட்டது. பின்னணி இரைச்சலைக் குறைப்பதும், ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்குவதும் பல கைபேசிகளில் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அடங்கிக்கொண்டே போகும் ஒலியின் வாலை அது இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். நாம் அளக்க வந்ததே அந்த வாலைத்தான்.

கைபேசியை விட்டுவிடுவோம். இன்று யுஎஸ்பி-யில் செருகும் அளவீட்டு மைக்குகள் அந்தந்த மைக்குக்கே உரிய திருத்தக் கோப்போடு வருகின்றன. எதிர்முழக்க நேரத்தைக் காண மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1965-இல் தந்த கணக்கும், சுருதியைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே அளக்க ஆஞ்சலோ ஃபரினா 2000-இல் முன்வைத்த ஸ்வீப் முறையும் இலவச மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. எங்கள் பேனாவும் கோணமானியும் இவற்றின் பக்கத்தில் நிற்க முடியாது. இந்த வசதி எல்லோர் கைக்கும் வந்தது எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி. வருத்தம் ஒன்றுதான்: கருவி நம்பத்தக்கதாக ஆக ஆக, அளவின் நம்பகம் குறைந்துவிட்டது. இடத்தை யாரும் எழுதுவதில்லை.

ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் சினிமா பார்க்கப் பலர் கட்டுவது ஏறக்குறைய இந்த அளவில்தான். அந்த நீளத்தில் சுமார் 34 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை உருவாகும். இரண்டு சுவர்களிலும் அழுத்தம் உச்சம், நட்டநடுவில் ஏறக்குறைய சூனியம். சோபாவையும் மைக்கையும் நடுவில் வைத்து அளந்தால் வரைபடத்தில் அங்கே பெரிய பள்ளம் தெரியும். பள்ளத்தைப் பார்த்தவுடன் ஈக்வலைசரில் 10 டெசிபெல் ஏற்றுவார்கள். ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தியைக் கொட்டும். பள்ளம் அப்படியே கிடக்கும், பின்சுவர் மட்டும் அதிரும். மைக்கை ஒரு மீட்டர் பின்னால் நகர்த்தினால் பள்ளம் பெருமளவு மறைந்துவிடும். இரண்டு வரைபடங்களும் உண்மை. மைக் பொய் சொல்லவே இல்லை. அது நின்ற இடத்தைப் பற்றிச் சொன்னதை நாம் அறை முழுவதற்கும் பொருத்திக்கொள்கிறோம். உச்ச சுருதிகளில் இன்னும் மோசம். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான். இரண்டு விரல் நகர்த்தினாலே வரைபடம் வேறாகிவிடும்.

மண்டபத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு: ஆட்கள். 3,200 கனமீட்டர் மண்டபம் காலியாக இருக்கும்போது நாலு விநாடி முழங்குகிறது என்றால், அறுநூறு பேர் வந்து உட்கார்ந்ததும் அது ஒன்றரை விநாடிக்கும் கீழே வந்துவிடலாம். பட்டும் பருத்தியும் உடம்புமே ஒலியைக் குடித்துவிடும். காலி மண்டபத்தின் எண்ணை வைத்துக்கொண்டு சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்தால், முகூர்த்த நாளில் நாதஸ்வரம் உயிரில்லாமல் கேட்கும்.

இதையெல்லாம் நினைக்கும்போது ஹார்வர்டின் வாலஸ் சபைன்தான் நினைவுக்கு வருவார். 1895-இல் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அறையைச் சரிசெய்யச் சொன்னபோது அவர் கையில் மைக்கே இல்லை. ஓர் ஆர்கன் குழல், நேரம் குறிக்கும் கருவி, பக்கத்து அரங்கிலிருந்து இரவில் தூக்கிவந்த இருக்கை மெத்தைகள், தன் காது. இவ்வளவுதான் கருவி. தான் உடுத்தியிருக்கும் உடைகூட ஒலியை உறிஞ்சி அளவை மாற்றுகிறது என்று கண்டதும், அதுவரை எடுத்த அளவுகளை ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு ஒரே உடையில் நின்று அளந்தார். அந்த உழைப்பில் பிறந்த எதிர்முழக்கச் சூத்திரத்தை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹாலுக்கு, ஆட்கள் நிறைந்த நிலையில் எதிர்முழக்க நேரம் 2.31 விநாடி என்று அவர் கணக்கிட்டார். பிற்காலத்தில் மைக் வைத்து அளந்தபோது அது 1.9 விநாடியை ஒட்டி வந்தது. அந்த வித்தியாசத்தை ஆராய முடிந்ததே, அவர் எதை எப்படி அளந்தார் என்று எழுதிவைத்ததால்தான்.

அரங்க ஒலி அளவீட்டுக்கான ஐஎஸ்ஓ 3382 தரநிலையும் இதையேதான் கேட்கிறது. மைக் உட்கார்ந்தவரின் காது உயரத்தில், 1.2 மீட்டரில் நிற்க வேண்டும். சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தக்கூடாது. ஆட்கள் இருந்தார்களா என்பதை அறிக்கையில் எழுத வேண்டும்.

மண்டபம் கட்டுகிறவர்களுக்கும், சபா நடத்துகிறவர்களுக்கும், பள்ளிக்கூட வகுப்பறைகளுக்குப் பொறுப்பானவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒலி அளவீட்டு அறிக்கை கைக்கு வந்தால் வண்ண வரைபடத்தை அப்புறம் பாருங்கள். மைக் நின்ற இடங்களைக் குறித்த தரைப்படம் அதில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் அந்த அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். திரும்ப அளந்து வரச் சொல்லுங்கள்.