உட்கார்ந்து சம்பாதிக்கிறவன்

"உனக்கென்னலே, உக்காந்துக்கிட்டே சம்பாதிக்கே!" என்பார் எங்கள் பெரியப்பா, திண்ணையில் சாய்ந்துகொண்டு. குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன் இடுப்பு வலி என்றால் திருநெல்வேலியில் நம்ப ஆளில்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு வலிக்கலாம், நாற்று நடுகிறவளுக்கு வலிக்கலாம். உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன கேடு?

கேடே உட்காருவதில்தான் இருக்கிறது. நிற்கும்போது இருப்பதைவிடக் கூனி உட்கார்ந்தால் முதுகெலும்பு வட்டுகளில் அழுத்தம் அதிகம். அதோடு குலுக்கல் வேறு. நொடிக்கு 4 முதல் 6 தடவை குலுக்கினால் உட்கார்ந்திருப்பவன் முதுகு தானும் சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும். வண்டிகளோ, சொல்லிவைத்தாற்போல, ஏறக்குறைய அதே தாளத்தில்தான் குலுங்குகின்றன. ஜெர்மனியில் 1993-லேயே இப்படிக் குலுங்கி வரும் இடுப்புக் கேட்டைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பெரியப்பாவிடம் சொன்னேன். "அங்க ரோடு சரியில்ல போல" என்றார்.

கல்லிடைக்குறிச்சியில் வாழைத்தார் ஏற்றி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாக டவுனுக்குக் கொண்டுவருவது என் பிழைப்பு. பத்தமடை வந்ததும் இடுப்பு முனக ஆரம்பிக்கும். பாய்க்குப் பேர்போன ஊர். ஒன்றை விரித்துப் படுக்கத்தான் நேரமில்லை. லோடு இருந்தாலாவது பரவாயில்லை. பின்பக்கத்து ஸ்பிரிங் பிளேட்டுகள் பாரத்துக்கென்றே போட்டவை. காலி வண்டி என்றால் துள்ளும். ஆக, வாடகை கிடைக்காமல் திரும்பும்போதுதான் வலி அதிகம்!

வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஆச்சி சுக்கை அரைத்துப் பற்றுப் போட்டாள். மச்சான் இடுப்பு பெல்ட் வாங்கி வந்தான். டாக்டர் ஒருவர், "ஒரு மாசம் வண்டி ஓட்டாதீங்க" என்றார். "அப்போ உங்க ஃபீஸுக்கு?" என்று கேட்டிருப்பேன், வலியில் வாய் வரவில்லை. இன்னொருவர், பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்துக்கொண்டு ஓட்டினால் இடுப்பு ஒரு பக்கமாகக் கோணும் என்றார். நல்ல ஆலோசனைதான். என் பர்ஸால் அந்த ஆபத்து எந்தக் காலத்திலும் கிடையாது.

மண்டி அண்ணாச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். மணிக்கணக்கில் குலுங்கிய முதுகு, இறங்கிய கையோடு பாரம் தூக்கினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். வண்டி நின்றதுமே "ஏ டிரைவர், தாரை இறக்கு!" என்று சத்தம் போடாதீர்கள். அஞ்சு நிமிஷம் காலாற நடந்துவிட்டு வருகிறோம். டீக்கடை வரைக்கும் நடந்தால் போதும். டீக்காசு மட்டும் உங்கள் கணக்கில்.