டார்ச் அடிக்காதீர்கள்

நேற்று சாயங்காலம் வண்டியை எடுத்துவந்தேன். இன்று காலை எட்டு மணிக்கெல்லாம் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். காருக்கு மெஷின் பாலிஷ் போடும் கடையில் காலை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில என்னிடம் இருக்கின்றன. பணம் கட்டிப் படித்தவை. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நான் போனது என்னவோ வாட்டர் சர்வீஸுக்கு. வண்டி கறுப்பு. சென்னைப் புழுதியில் கறுப்பு கார் வாங்கியவனின் புத்தியைப் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. கடைப் பையன் பானட்டின் மேல் செல்போன் டார்ச்சை அடித்தான். "பாருங்க சார்." பார்த்தேன். வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாகச் சிலந்தி வலை. நாலு வருஷமாக என் கண்ணில் படாதது. "ஸ்வர்ல் மார்க் சார்" என்றான், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டர்கள் பேசுவார்களே, அந்தக் குரலில்.

இந்த டார்ச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் கீறல்கள் வட்டமே இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடப்பவைதான். வெளிச்சத்துக்குக் குறுக்கே விழுந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகின்றன. டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். வீட்டுக்கு வந்து எவர்சில்வர் தட்டில் அடித்துப் பார்த்தேன். வலை. சீர்வரிசையில் வந்த தாம்பாளத்தில் அடித்தேன். பெரிய வலை. ஃப்ரிட்ஜ் கதவு, குக்கர் மூடி, செல்போனின் முதுகு, எல்லாவற்றிலும் வலை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அடித்தேன். இத்தனை நாளும் உலகத்தை இந்த வலை வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்! "என் மூஞ்சில அடிச்சீங்கன்னா நல்லா இருக்காது" என்றாள் மனைவி. கீழே இறங்கி, எங்கள் பிளாக் செக்ரட்டரி பத்து நாள் முன்பு டெலிவரி எடுத்த புதுக் காரின் மேல் அடித்தேன். வலை. அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன்.

ஆனாலும் மறுநாள் போய் வண்டியை விட்டேன். டார்ச் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தவன் பிறகு மனுஷனாக நடமாட முடியாது.

விஷயம் இவ்வளவுதான். கம்பெனி பெயிண்ட் மொத்தமே 100, 120 மைக்ரான் இருக்கும். மேலே கண்ணாடி மாதிரி இருக்கிற கிளியர் கோட் 40, 50. தலைமுடி ஒன்றின் கனமே சுமார் 70. கீறலை யாரும் அழித்து எடுப்பதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் அக்கம்பக்கத்தைக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து இறக்குகிறார்கள். ரொம்பத் தேய்த்தால், அதுவும் ஓரங்களில், கிளியர் கோட்டே போய்விடும். ஆக, ஜிஎஸ்டி 18 சதவீதம் போக 12,000 ரூபாய் கொடுத்து என் வண்டியை நான் இளைக்க வைத்தேன். எனக்கு இளைக்க ஜிம்முக்குக் கட்டிய பணம் ஏற்கெனவே வீண்.

நேற்று போனால், வண்டியில் என் முகம் தெரிந்தது. வழுக்கை உட்பட. பின் கதவுக்கு வந்தேன். போன வருஷம் ஓர் ஆட்டோ இழுத்துவிட்டுப் போன கோடு, தெருமுனையிலிருந்தே தெரியும் கோடு, அப்படியே இருக்கிறது. முன்னைவிட எடுப்பாக. "அது போகாது சார். நகம் மாட்டுது பாருங்க. பெயிண்ட் வேலை, டிங்கரிங் ஷாப்புலதான் பண்ணுவாங்க." டார்ச் அடித்தால் மட்டும் தெரிந்தவை போய்விட்டன. ஊருக்கே தெரிவது இருக்கிறது. கிளம்பும்போது இரண்டு மைக்ரோஃபைபர் துணி கொடுத்தார்கள். காய்ந்த தூசியைத் துடைத்தால் அவ்வளவுதான் சார், தண்ணீர் அடித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்கள்.

காலையில் பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். வண்டி துடைக்கிற அண்ணன் வேலையில் இருந்தார். அரை வாளித் தண்ணீர். அதில் ஏற்கெனவே பதினோரு கார் குளித்தாகிவிட்டது. என் வண்டிக்கு அதுவும் கிடையாது, உலர்ந்த பனியன் துணிதான். என் பனியன். நான் கொடுத்ததுதான். மண்ணோடு சேர்த்து, வட்டம் வட்டமாக.

செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன்.

"சார், இன்னிக்கு வண்டி கை வெச்சா சும்மா வழுக்கிட்டுப் போகுது சார். நீங்க செலவு பண்ணிருக்கீங்கன்னுதான் ரெண்டு தரம் துடைச்சேன்!"

ஆறு வருஷமாகத் துடைக்கிறவர். என்ன சொல்ல? மைக்ரோஃபைபர் துணிகளை எடுத்து நீட்டினேன். தடவிப் பார்த்தார். "துணி நல்லா மெத்துனு இருக்கே சார், பேத்திக்கு ஆகும்" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பனியனால் அடுத்த கதவைத் துடைக்கப் போனார்.

வண்டி கீழேதான் நிற்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள். பகலில் வாருங்கள். செல்போன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.