தூசிக்கு ஒரு தராசு

கேள்வி: செவ்வாயில் இறங்கிய கலத்தின் மேல் எவ்வளவு தூசி படிந்தது என்பதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: 1997இல் பாத்ஃபைண்டர் கலத்துடன் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தியில் இதற்கென்றே ஒரு சூரிய மின்கலம் இருந்தது. அதன் மேல் விலகக்கூடிய கண்ணாடி மூடி. தூசி மூடியில்தான் படியும். மூடியோடு ஒருமுறை, மூடியை விலக்கி ஒருமுறை மின்னோட்டத்தை அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தூசி திருடிய வெளிச்சம். நாளுக்குச் சுமார் 0.28 சதவீதம்! அற்பமான வட்டிதான், ஆனால் முதலையே விழுங்கிவிடும். பின்னர் செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலத்தின் சூரியத் தகடுகள் 2018இல் நாளுக்கு ஏறக்குறைய 5,000 வாட்-மணி தந்தன. 2022இல் சுமார் 500. இடையே 2021இல் இயந்திரக் கையால் தகட்டருகே மணலைத் தூவினார்கள். காற்றில் உருண்ட மணல் தூசியையும் தள்ளிக்கொண்டு போக, நாளுக்கு 30 வாட்-மணி கூடியது.