பூட்டிய பீரோவுக்கு விளம்பரம்

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த ஏழு நாளும் நம் கல்லூரி நூலகங்களுக்குக் கல்யாணக் களை வந்துவிடும். வாசலில் வாழைமரம், ரங்கோலி, பலூன் வளைவு, 'நானும் என் நூலகமும்' என்று எழுதிய தெர்மாகோல் செல்ஃபி சட்டம். முதல்வர் ரிப்பன் வெட்டுவார். தாளாளர் குத்துவிளக்கு ஏற்றுவார். அவர் இதற்கு முன் அந்த அறைக்குள் வந்தது போன வருடம் இதே விளக்கை ஏற்றத்தான். மேசைமேல் புத்தகக் கண்காட்சி இருக்கும், பக்கத்திலேயே 'தொடாதீர்' அட்டையும் இருக்கும். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் ஏறும். 21ஆம் தேதி காலையில் சட்டத்தைப் பரணில் போட்டுவிட்டுக் கண்ணாடி பீரோவை மறுபடி பூட்டிவிடுவார்கள்.

இதற்கு இப்போது 'லைப்ரரி மார்க்கெட்டிங்' என்று பெயர். கருத்தரங்கு உண்டு, பதிவுக் கட்டணம் உண்டு, மதியம் பிரியாணி உண்டு, சாயங்காலம் சான்றிதழ் உண்டு. லாப நோக்கில்லாத நிறுவனங்களுக்கும் சந்தைப்படுத்தல் பொருந்தும் என்று பிலிப் கோட்லரும் சிட்னி லெவியும் 1969இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைப் படித்தவர்களைவிடப் பவர்பாயிண்டில் அதன் பெயரைப் போட்டவர்கள் அதிகம். மார்க்கெட்டிங் பாடம் சொல்லும் பண்டம், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கையும் வைத்து நூலகத்தைத் தூக்கி நிறுத்தலாமாம். நானும் வைத்துப் பார்க்கிறேன். பண்டம்: காலாவதியான பாடத்திட்டத்து நூல்கள், ஒரே தலைப்பில் நாற்பது பிரதி. விலை: தாமதித்தால் ஃபைன், கட்டாவிட்டால் ஹால்டிக்கெட் கிடையாது. இடம்: மூன்றாம் மாடி, லிஃப்ட் ஆசிரியர்களுக்கு மட்டும். விளம்பரம்: மேற்படி பலூன்.

இந்தக் கூத்தெல்லாம் மாணவருக்காக என்று யாராவது நம்பினால் அவர் வெகுளி. உண்மையான வாடிக்கையாளர், கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தரும் நாக் (NAAC) அமைப்பின் ஆய்வுக் குழு. 2017க்குப் பிந்தைய நாக் கையேட்டில் 4.2.4 என்றொரு அளவுகோல் இருந்தது: ஆசிரியரும் மாணவரும் ஒரு நாளில் எத்தனை சதவீதம் பேர் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு. நல்ல எண்ணத்தில் கேட்ட கேள்விதான். நம் கல்லூரிகள் அதற்குக் கண்ட விடைதான் அபாரம். வகுப்பையே வரிசையாக நடத்திக் கூட்டிவந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்புவது. அதற்கு 'லைப்ரரி ஹவர்' என்று கால அட்டவணையில் ஒரு கட்டம். ஐடி கார்டைக் காட்டினால் கணினி 'பீப்' என்னும். அந்த 'பீப்' ஒரு வாசகர். குழு வருகிற வாரத்தில் விடுதி மாணவர்களுக்குக் காலையும் மாலையும் 'பீப்' கட்டாயம். புத்தகத்தைத் திறக்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. யாருடைய மதிப்பெண்ணுக்காக நம் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள் என்பது அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

இனி, தானாக நூலகம் தேடி வருகிற ஒரு மாணவி என்ன ஆகிறாள் என்று பாருங்கள். வாசலிலேயே பையை வைக்க வேண்டும். சொந்த நோட்டு, சொந்தப் புத்தகம் எதுவும் உள்ளே போகக்கூடாது. போன் கூடாது. துப்பட்டா போட்டிருக்கிறாளா என்று பார்க்க ஒருவர் இருப்பார். அவள் கேட்கும் புத்தகம் எங்கே என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார். பையன்கள் ஒரு மேசை, பெண்கள் ஒரு மேசை. வேண்டிய புத்தகம் ரெஃபரன்ஸ் பீரோவில் கண்ணாடி வழியாகத் தெரியும். சாவி அட்டெண்டரிடம், அட்டெண்டர் முதல்வர் அறையில், முதல்வர் மீட்டிங்கில். இரண்டாம் ஷிப்ட் படிக்கிற அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கு வகுப்பு முடியும்போது நூலகம் மூடியிருக்கும். முதல் ஷிப்ட் பையன் மதியமே ஜவுளிக்கடை வேலைக்கு ஓடிவிடுவான். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளைகள் இவர்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். இவர்களைத் திருடர்களைப் போலச் சோதனை போட்டு அனுப்பிவிட்டு, 'இந்தக் காலத்துப் பசங்க படிக்கிறதே இல்ல சார்' என்று பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற துணிச்சலுக்கு ஒரு அளவு வேண்டாமா?

அவர்கள் படிக்கத்தான் செய்கிறார்கள். கல்லூரி கேட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் போய்ப் பாருங்கள். எந்தத் தாளுக்கு எந்த யூனிட்டிலிருந்து கேள்வி வரும் என்று கடைக்கார அண்ணனுக்குத் தெரியும். இரவு பத்து வரை ஷட்டர் ஏறியிருக்கும். பையோடு போகலாம். ஐந்து ரூபாய் குறைந்தால், 'நாளைக்குக் குடுடா' என்பார். அவர் செய்வதைப் பற்றிப் பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்லும் என்பது வேறு கதை. ஆனால் வாசகரை மதிப்பது எப்படி என்று கருத்தரங்கில் உரையாற்றத் தகுதியான ஒரே ஆள் அந்த வட்டாரத்தில் அவர்தான். அவரைக் கூப்பிட மாட்டார்கள். முனைவர் பட்டம் இல்லையே.

பட்டம் இருக்கிற நூலகரின் கதியும் சொல்லத்தக்கதல்ல. பல அரசுக் கல்லூரிகளில் நூலகர் இடமே ஆண்டுக்கணக்கில் காலி. தனியார் கல்லூரியில் ஆள் இருப்பார்; நாக் கோப்பு தயாரிப்பது, அட்மிஷன் பிடிக்க ஊர் ஊராகப் போவது, பஸ் பாஸ் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. மிச்ச நேரத்தில் நூலகர். ஒரு புத்தகம் தொலைந்தால் மட்டும் முழுநேர நூலகர், சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்த மனிதர் பீரோவைப் பூட்டாமல் என்ன செய்வார்? பூட்டச் சொன்னவர்கள்தான் பலூனுக்கும் பில் போடுகிறார்கள்.

இத்தனைக்கும் இது சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த மண். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆளே வராத அறையில் உட்கார முடியாமல், பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று போய் நின்றார். பிறகு இங்கிலாந்து போய்ப் படித்துத் திரும்பியவர் அடுக்குகளைத் திறந்துவிட்டார், நேரத்தை நீட்டினார், வாசகர் அருகில் ஆளை நிறுத்தினார். 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்ற அவர் நூல் 1931இல் வந்தது. புத்தகம் புழங்குவதற்கே என்ற முதல் விதிக்கு அவர் தந்த விளக்கம் பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்: நூலகம் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், நாற்காலி எப்படி இருக்க வேண்டும், ஊழியர் எப்படி இருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்ததை அதில் எழுதிச் சிரித்தார். நாம் அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12ஐ நூலகர் தினமாகக் கொண்டாடி, அவர் படத்துக்கு மாலை போட்டு, படத்தையும் பீரோமேல் மாட்டியிருக்கிறோம். பூட்டு படத்துக்கு நேர் கீழே.

மேலிடத்துக் கூத்துக்கும் குறைவில்லை. ஆய்விதழ்களுக்கு நாடு முழுவதற்கும் சேர்த்துச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், பயன்பெறுவோர் அரசு நிறுவனங்களைச் சேர்ந்த 1.8 கோடிப் பேர். காகிதத்தில் பொன்னான திட்டம். பணம் பதிப்பகங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அதில் சந்தேகமில்லை. உங்கள் ஊர் அரசுக் கலைக்கல்லூரியில் மூன்றாமாண்டு வேதியியல் மாணவனை நிறுத்தி, இப்படி ஒன்று இருப்பது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவனிடம் சொல்ல வேண்டிய நூலகரின் நாற்காலிதான் காலியாக இருக்கிறது.

முதல்வர்களே, தாளாளர்களே, உயர்கல்வித் துறையாரே: மார்க்கெட்டிங் போதும். காலியிடத்துக்கு ஆள் போடுங்கள். இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள். பையோடு உள்ளே விடுங்கள். தொலைகிற புத்தகத்துக்கு நூலகர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். நூலகக் கட்டணம் என்று ரசீது போட்டு வாங்கிய பணத்தில் இந்த வருடம் என்னென்ன புத்தகம் வாங்கினீர்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒட்டமாட்டார்கள். ஆகவே மாணவர்களே, நீங்கள் கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுக் கட்டணம் 10 ரூபாய்தான். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.