பற்றும் வரவும்

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த என் அக்கா மகன் பட்டாளத்தில் பத்து வருஷம் முடித்துவிட்டான். தெரண்டாக் முகாமில் லாரிக்குக் கீழே படுத்தே வயது முப்பதை நெருங்குகிறது. "தொடரவா, வெளியே வந்து பட்டறை போடவா, சொல்லுங்க மாமா" என்று போன வாரம் சாப்பாட்டுக் கடையில் கேட்டான்.

அதிர்ந்துபோனேன். நீ வெளியே வந்தால் நாட்டுப்பற்று என்னடா ஆவது?

விளையாட்டில்லை. மலாய்க்காரர் அல்லாதார் ஏன் படையில் சேருவதில்லை என்பதற்கு 2025இல் பாதுகாப்புத் துணை அமைச்சர் நாடாளுமன்றத்தில் அடுக்கிய காரணங்களில் நாட்டுப்பற்றுக் குறைவும் ஒன்று. படையில் இந்தியர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த அரைகுறைக் கணக்கில் ஒருவன் இவன். 1933இல் போர்ட்டிக்சனில் தொடங்கிய அரச மலாய்ப் படைப்பிரிவில் மலாய்க்காரர் மட்டுமே சேரலாம் என்பதை இங்கே இழுக்காதீர்கள். ரேஞ்சர் படை திறந்துதானே இருக்கிறது? பெரிய வாசலைப் பூட்டிவிட்டுச் சின்ன வாசலில் நின்று, "ஏனய்யா கூட்டத்தைக் காணோம்?" என்று கேட்பதற்கும் ஒரு பெரிய மனசு வேண்டும்.

சிப்பாய்க்கு 21 வருஷம் முடிந்தால்தான் பென்சன். இருபதாவது வருஷத்தில் வந்தால் நன்றி உண்டு, மாதாமாதம் இல்லை. எங்கள் தோட்டத்து முதல் பட்டாளக்காரர் 12 வருஷம் எல்லையில் நின்றவர். இப்போது பேரங்காடி வாசலில் ஜாகா. ஜூலை 31, வீரர் தினத்தன்று தொலைக்காட்சியில் தலைவர்கள் மரியாதை செலுத்தும்போது, இவர் கார் நிறுத்துமிடத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பார். இரண்டும் தேசசேவைதான்.

"பென்சன் இல்லாட்டியும் சேமிப்பு இருக்குல்ல?" என்றேன். இருக்கிறது. மாதச் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்தைப் பிடித்து ஆயுதப்படை நிதி வாரியத்தில் போடுகிறார்கள். 2018ஆம் ஆண்டுக்கு அந்த வாரியம் கொடுத்த இலாப ஈவு 2 விழுக்காடு. அதே ஆண்டு, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அவன் அம்மாவின் ஈபிஎஃப் பணத்துக்குக் கிடைத்தது 6.15. துப்பாக்கி தூக்கிய மகனைவிடச் சாக்கு தூக்கிய தாய்க்கு மூன்று மடங்கு.

அந்த வாரியம் பெரும்பங்கு வைத்திருந்த பூஸ்டெட் குழுமத்தின் கப்பல் பட்டறைதான் கடற்படைக்கு ஆறு போர்க்கப்பல் கட்ட 900 கோடி வெள்ளிக்கு மேல் ஒப்பந்தம் எடுத்தது. 608 கோடி கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட வரவில்லை என்று 2022 ஆகஸ்டில் பொதுக் கணக்குக் குழு சொன்னது. முதலில் போட்ட அட்டவணைப்படி அந்த நேரம் ஐந்து கப்பல் கையில் இருந்திருக்க வேண்டும்! அந்தக் கப்பல் பட்டறைக்காரர்களின் நாட்டுப்பற்றை யாராவது அளந்து நாடாளுமன்றத்தில் எழுதிக் கொடுத்தார்களா? அவர்களுக்குப் பற்று நிறையவே உண்டு. நம் வீட்டுக் கணக்கு நோட்டில் வரவுக்கு எதிர்ப்பக்கம் எழுதுவோமே, அந்தப் பற்று.

இவ்வளவும் பேசி முடித்துவிட்டு, "அதனால நீ இன்னும் பதினோரு வருஷம் இரு. அதுக்குள்ள ஒரு கப்பலாவது வரும்" என்றேன். பையன் சிரிக்கவில்லை. தேத்தண்ணிக்குக் காசு வைத்தான்.

"மாமா, பத்து வருஷத்துல எத்தனையோ லாரிக்கு எஞ்சின் இறக்கி ஏத்திட்டேன். ஒரு வண்டிகூட என்னைப் பார்த்து நீ எந்த இனம்னு கேக்கல."

அமைச்சு என்ன எழுதிக்கொண்டாலும் எழுதிக்கொள்ளட்டும். பையன் வெளியே வருகிறான். மெர்லிமாவிலோ பெம்பானிலோ லாரி நுழைகிற மாதிரி வாடகைக்குக் கடை இருந்தால் சொல்லுங்கள்.