சக்கரவர்த்தி ஊறுகாய்

ஐரோப்பாவின் இடைக்கால வரலாற்றை நான் ஆடு மேய்த்துத்தான் கற்றேன். 1999-ல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் பெரும்பாலான பேரரசுகள் மூன்று குடியானவர், ஒரு குதிரைவீரன், சில ஆடுகள் என்றுதான் தொடங்கும். ஆள் போதவில்லையா? 50 உணவைக் கொடுத்தால் 25 நொடியில் ஊர்மையக் கட்டடத்திலிருந்து ஒருவர் முழு ஆளாக இறங்கி வருவார். பிரசவமும் இல்லை, பால்குடியும் இல்லை. வந்த கையோடு காட்டுப்பன்றிமேல் அம்பு விட்டுவிட்டு, அது துரத்தத் துரத்த ஊருக்குள் ஓடிவருவார். அன்றைய சாப்பாடு அதுதான்.

இது புளுகு என்று எனக்கும் தெரியும். ஏமாந்தது வேறு இடங்களில். அந்த ஆட்டம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னது பொய். கிண்டல் என்று நான் சிரித்தது நிஜம்.

ஆட்டம் கற்றுக்கொடுக்கும் பாடங்களின் நாயகன் ஸ்காட்லாந்தின் வில்லியம் வாலஸ். கடைசிப் பாடத்தில் ஃபால்கிர்க்கில் வெற்றிவாகை சூடுவோம். உண்மையில் 1298-ல் அங்கே வாலஸ் வாங்கியது செம அடி.

கோட்டையும் அப்படித்தான். 650 கல் இருந்தால் போதும். நாலு பேர் சுத்தியலால் தட்ட, காபி ஆறுவதற்குள் எழும்பிவிடும். ஃபால்கிர்க்கில் வாலஸை அடித்த இங்கிலாந்தின் எட்வர்ட் ராஜா 1295-ல் வேல்ஸில் பியூமாரிஸ் கோட்டையைத் தொடங்கினார். ஸ்காட்லாந்துச் சண்டையில் காசு கரைந்தது. மேல்மாடிக்குக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் நம்மூர் வீடுகளைப் போல, அது இன்றுவரை அரைகுறைதான்.

இனி, நான் சிரித்தவை. ஆட்டத்தில் டிரெபுஷே என்றொரு கல்லெறி இயந்திரம் உண்டு. எதிரி ஒடுங்கிப்போன பிறகும், இதை இவ்வளவு செலவழித்துச் செய்தோமே என்று நாலு கல் வீசிப் பார்ப்பேன். சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைத்தேன். 1304-ல் ஸ்டெர்லிங் கோட்டையை வளைத்த எட்வர்ட், 'போர் ஓநாய்' என்று பெயரிட்டு ராட்சத டிரெபுஷே ஒன்றைச் செய்ய வைத்தார். உள்ளே இருந்தவர்கள் சரணடைய வந்தார்கள். ராஜா விடவில்லை. உள்ளே போங்கள், இதை ஒரு தடவை வீசிப் பார்த்துவிடுகிறேன் என்கிற கதையாகத் திருப்பி அனுப்பினார். வாங்கிய வெடியை வெடிக்காமல் தீபாவளியை முடிக்க யாருக்கு மனம் வரும்?

அதைவிடப் பெரிய கூத்து ஜெர்மானியச் சக்கரவர்த்தி பார்பரோசா. எழுபதை நெருங்கிய வயதில் ஜெருசலேமை மீட்கக் கிளம்பியவர், 1190 ஜூனில், இன்றைய துருக்கியில் ஓடும் சாலெஃப் ஆற்றில் மூழ்கிப்போனார். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு பீப்பாயை ஜெருசலேமுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். உள்ளே இருப்பவர் சாட்சாத் சக்கரவர்த்தி. எழுதியவர்கள் ஏதோ மப்பில் இருந்திருக்கிறார்கள் என்றே நம்பினேன்.

இல்லை. அவர் மகன் அப்பாவின் உடலை வினிகரில் ஊறப்போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தது நிஜம். ஜூன் வெயில், உப்பு போடாமல் வெறும் புளிப்பை நம்பினால் நிற்காது என்று எங்கள் பாட்டியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஊறுகாய் கெட்டது. குடல் டார்சஸில், சதை அந்தியோக்கியாவில், எலும்பு டயர் நகரில் என்று ராஜாவைத் தவணை முறையில் புதைத்தார்கள். ஆட்டத்தில் ஜெருசலேம் போய்ச் சேரும் பீப்பாய், வரலாற்றில் போய்ச் சேரவே இல்லை.

2022-ல் ராஜேந்திர சோழனும் இந்த ஆட்டத்துக்குள் வந்துவிட்டார். இந்த முறை சிரிப்பதற்கு முன் யோசித்தேன். வடக்கே தோற்ற அரசர்களைக் கங்கை நீர் சுமக்க வைத்து, அந்த நீரையே வெற்றித்தூணாக்கி ஏரியில் நிறுத்தினாராம் சோழர். திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ஜெர்மானியர்கள் ராஜாவைப் புண்ணிய பூமிக்குத் தூக்கிப் போனார்கள். நம்மவர் புண்ணியத்தையே வீட்டுக்குத் தூக்கிவரச் சொல்லிவிட்டார். நல்லவேளை, தண்ணீரை ஊறவைக்க வேண்டியதில்லை.